மூன்று மிளகாய்

ஆவணியில் குழம்புக்கு எட்டு மிளகாய் கிள்ளிப் போட்ட அம்சவேணி, கார்த்திகை பிறக்கும்போது மூன்றுக்கு வந்திருந்தாள். சாத்தூர்க்காரி மூன்று மிளகாயில் குழம்பு வைக்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் ஜோதிலிங்கம் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது குழம்பா, சட்டி கழுவினதா?"

"கங்காவுக்குக் காரம் ஒத்துக்கல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காருறான்."

"அப்ப அவனுக்குத் தனியா வையி."

"ரெண்டு குழம்பு வைக்க இதென்ன மெஸ்ஸா? பேசாம சாப்பிடுங்க. உங்க அல்சருக்கும் நல்லது."

கங்கா பெண்பிள்ளை இல்லை. கேமரூன் நாட்டிலிருந்து பந்தாட வந்தவன். ஆறடி மூன்று அங்குலம், முப்பத்தொரு வயது. செர்ஜ் கம்கா என்று பெயர். முதல்நாள் அவன் சொன்ன கம்கா, அம்சவேணியின் காதில் கங்கா என்று விழுந்தது. அப்படியே நின்றுவிட்டது. எதிர்வீட்டு உஷாராணிக்கு அது வசதியாகப் போயிற்று. மாடிப்படியில் வேற்றாள் யாராவது இருந்தால் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பாள், "உங்க கங்கா மதினி குளிச்சிட்டாங்களா? தண்ணி நிக்கப்போவுது." வேலூர்க்காரியான அவள், அண்ணிக்குச் சொல்லும் மதினி என்ற சொல்லை அம்சவேணியிடமிருந்துதான் பிடித்துக்கொண்டாள்.

டில்லி கிட்வாய் நகரில், இடிக்கப் போகிறோம் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய குவார்ட்டர்ஸ் அது. ஜோதிலிங்கம் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அதே ஆபீஸில் வேலை பார்க்கும் ஆரிப், வேலை போக மீதி நேரத்தில் ஒரு கால்பந்து கிளப்புக்கு மேனேஜர். கிளப் பிடித்துக் கொடுத்த வீட்டின் சொந்தக்காரன் ஒருநாள் காலையில் கம்காவின் பெட்டியைத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டான். கறுப்பனை வைத்தால் மற்ற குடித்தனங்கள் காலி பண்ணிவிடுமாம். பத்து நாள் மட்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று ஆரிப் கேட்டார். பந்து என்றால் ஜோதிலிங்கத்துக்கு உயிர். சரி என்றுவிட்டார். பத்து நாள் எட்டு மாதமாயிற்று.

சர்க்கார் குவார்ட்டர்ஸில் வெளியாளை வைக்கக் கூடாது. அதிலும் வெளிநாட்டுக்காரன் தங்கினால் ஒரு நாளைக்குள் ஃபார்ம் சி என்ற படிவத்தைப் போட்டாக வேண்டும். ஜோதிலிங்கம் அதை ஒருநாள் கம்ப்யூட்டரில் திறந்தார். பெயர், நாடு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் அடித்தார். தங்கியிருக்கும் முகவரி என்ற கட்டம் வந்தது. மூடிவிட்டார். அன்றிலிருந்து கீழே மோட்டார் பைக் நின்றால் அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் ஜன்னலில் பார்ப்பார்.

கம்காவுக்கு வீட்டு பாஷை பிரெஞ்சு. இங்கிலீஷ் கொஞ்சம். தமிழில் தெரிந்ததெல்லாம் அடுப்படியிலிருந்து வந்தது. தண்ணி, சோறு, இன்னும், போதும், காரம். போதும் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்பதை மட்டும் அவன் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டான். அவன் போதும் என்பான். அம்சவேணி இன்னொரு கரண்டி போடுவாள். மறுபடி போதும் என்பான். மறுபடி ஒரு கரண்டி. கடைசியில் ஜோதிலிங்கம்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையையும் விரித்துத் தட்டை மூடு, அப்போதுதான் விடுவாள். அதிலிருந்து மூடக் கற்றுக்கொண்டான்.

காரம் அவன் கற்ற முதல் சொல். வந்த அன்று கோழிக்குழம்பு. இரண்டாவது வாயிலேயே நெற்றியெல்லாம் வியர்த்துக் காது அடைத்து, நெஞ்சு படபடவென்று அடிக்க, கையை மார்பில் வைத்துக்கொண்டு இது என்ன என்பதுபோல் பார்த்தான். அம்சவேணி சிரித்தாள். "காரம்யா, காரம்." அவனும் திருப்பிச் சொன்னான். ஆவணி வாக்கில் அதே சொல்லை அடிக்கடி சொல்ல ஆரம்பித்தான். அவளும் மிளகாயைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை மதியம் புகைமூட்டம் எதிர்பிளாக்கை மறைத்திருந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுத்தபோது விரலில் கரி ஒட்டியது. கொடியில் கம்காவின் பனியன்களும் இருந்தன. பழைய கிளப் பனியன்கள் ஒன்றையும் அவன் தூரப்போடவில்லை. துவாலா ஊரில் பத்தொன்பது வயதில் போட்ட பச்சை. டுனிஸ் நகரத்துச் சிவப்பு. கோவா வந்து இறங்கியபோது கொடுத்த மஞ்சள். கல்கத்தாவில் ஒரே ஒரு சீசன் போட்ட நீலம். எல்லாவற்றின் முதுகிலும் எட்டு என்று எண். டில்லி வெள்ளையில் மட்டும் பதினெட்டு. எட்டைக் கேப்டன் விட்டுக்கொடுக்கவில்லையாம். பச்சைக்கு இருந்த துணிக்கனம் வெள்ளைக்கு இல்லை. துவைக்கிற கைக்கு அது தெரியும்.

படியில் காலடி கேட்டது. வழக்கமாக இரண்டிரண்டு படியாக ஏறுகிறவன். அன்று ஒரு படி, ஒரு நிற்றல், ஒரு படி என்று வந்தது. அம்சவேணி எட்டிப் பார்த்தாள். திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரில் முகமெல்லாம் வியர்வை. உதடு சாம்பல் பூத்திருந்தது.

"என்னய்யா? கங்கா?"

கையை மார்பில் வைத்தான். "காரம், அக்கா."

மோர் கலக்க உள்ளே ஓடினாள். ஓடும்போதே அவன் பையிலிருந்த டிபன் கேரியரை எடுத்துக்கொண்டாள். கனத்தது. அடுக்களையில் வைத்துத் திறந்தாள். காலையில் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் கரண்டி படாமல் இருந்தது. கீழ் அடுக்கில் அவரைக்காய்ப் பொரியலும் அப்படியே. காலையில் வெறும் டீ குடித்துவிட்டுப் போனவன். வேறெங்கும் சாப்பிட மாட்டான்.

அம்சவேணி மத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரு பருக்கை உள்ளே போகாதவனுக்கு எங்கிருந்து காரம்?

எதிர்க்கதவு திறந்தது. உஷாராணி படியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள், பிறகு அம்சவேணியை. எப்போதும் இருக்கும் கேலி அவள் முகத்தில் இல்லை.

"அக்கா, இவரை உள்ள கூட்டிக்கினு போ. எங்க வூட்டுக்காரர் சொன்னாரு, திங்கக்கெழமை குவார்ட்டர்ஸ் செக்கிங் வர்றாங்களாம். வூடு வூடா உள்ள பூந்து பாக்குறாங்களாம். மதினி கதையெல்லாம் அவங்ககிட்ட வேவாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கம்காவுக்குப் பயிற்சி இல்லை. மகள் இளவரசிக்கும் புகை காரணமாக லீவு விட்டிருந்தார்கள். மந்திர் மார்க் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். அம்சவேணி இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"உன் போன்ல கேளு. காரம்னா அவனுக்கு என்னன்னு."

"மம்மி, காரம்னா மிர்ச்சி. இதுல என்ன கேக்குறது?"

"கேளுங்கிறேன்."

இளவரசி போனில் தமிழில் சொன்னாள். போன் பிரெஞ்சில் பேசியது. கம்கா புருவத்தைச் சுருக்கினான். குளியலறைப் பக்கம் கையைக் காட்டி, துணி துவைக்கிற பாவனை செய்தான்.

"போன் சோடாக் காரம்னு நெனச்சிருச்சு மம்மி," என்று இளவரசி சிரித்தாள்.

அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய் அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் செய்வதுபோலத் தன் மார்பில் கையை வைத்தாள். நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்தாள். விரலை மடக்கி நெஞ்சில் தடதடவென்று தட்டினாள். "காரம்?"

கம்கா அவளையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். போனை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஏதோ சொன்னான். போன், பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது.

"டுனிஸ் நகரில் ஒரு மருத்துவர் கூறினார். எனக்கு இதயம் பெரியது."

"அது தெரிஞ்சதுதானே," என்றாள் அம்சவேணி. அவளை மீறி முகம் இளகிவிட்டது. "பெரிய மனசுதான்யா உனக்கு. வீட்டைவிட்டு வெளிய தள்ளுனவனைக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ."

போன் அடுத்ததைச் சொன்னது.

"என் தம்பிக்கும் இதயம் பெரியதாக இருந்தது."

இளவரசியின் சிரிப்பு நின்றது. அம்சவேணி மகளைப் பார்த்தாள்.

"இருந்ததுன்னா? இப்ப?"

இளவரசி அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்கா சொல்லிக்கொண்டேதான் இருந்தான். போன் கொஞ்சம் பின்தங்கி வந்தது.

"அவன் பந்து இல்லாத இடத்தில் விழுந்தான். யாரும் அவனைத் தொடவில்லை. வயது பத்தொன்பது."

கீழே காய்கறி வண்டிக்காரன் முள்ளங்கி என்று இந்தியில் கூவிக்கொண்டு போனான். அம்சவேணி விரல்விட்டு எண்ணினாள். மூன்று மாதம். மூன்று மாதமாக அவன் நான் சாகக் கிடக்கிறேன் என்று அவளிடம் தமிழில் சொல்லியிருக்கிறான். அவள் மிளகாயை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டாக்டர் என்ன சொன்னாராம்? கேளு."

"ஓடாதே என்றார். காகிதம் கொடுத்தார். நான் அதைக் கடலில் போட்டேன்."

பிறகு அவன் போனை வைத்துவிட்டு, தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். நாளை மேட்ச். கொச்சி கிளப்பிலிருந்து அவனைப் பார்க்க வருகிறார்கள். இரண்டு வருஷக் கான்ட்ராக்ட். அது கிடைத்தால் விசா நீளும், மனைவியையும் குழந்தையையும் வரவழைக்கலாம். கிடைக்காவிட்டால் டிசம்பரோடு எல்லாம் முடிந்தது. ஆரிப் பையாவிடம் சொல்லக் கூடாது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். வாசற்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் பயம் என்று அம்சவேணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஜோதிலிங்கம் வந்து மாஸ்க்கைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"நெஞ்சடைப்பு டெல்லியில யாருக்கு இல்ல? எனக்கும்தான் அடைக்குது. இந்தக் காத்தைப் பாரு."

"உங்களுக்கு அடைச்சா நீங்க லிஃப்ட்ல போறீக. அவன் ஓடுறான். ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு ஓடுவான்னு நீங்கதானே சொன்னீக?"

"பன்னெண்டு கிலோமீட்டர்."

"கரோல் பாக் தூரம். அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு."

"மிட்ஃபீல்டுன்னா அப்படித்தான். கோல் போட்டவன் பேரு பேப்பர்ல வரும். இவன் பேரு வராது. ஆனா ஓடிக்கிட்டே இருக்கணும்."

"நான் பேப்பரைக் கேக்கல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

அவர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போனா என்ன கேப்பான்? பாஸ்போர்ட் கேப்பான். அட்ரஸ் கேப்பான். எட்டு மாசமா எங்க இருக்கான்னு கேப்பான். ஃபார்ம் சி எங்கம்பான். அப்புறம் குவார்ட்டர்ஸ் இல்ல. மெமோ, என்கொயரி. இளவரசிக்கு மார்ச்ல பரீட்சை."

"ஆரிப் அண்ணன்கிட்டயாவது சொல்லுங்க."

"சொன்னா இன்னைக்கே நிறுத்திருவாரு. நிறுத்துனா இவன் எங்க போவான்? இங்கதான் இருப்பான். திங்கட்கிழமை செக்கிங். நாளைக்கு நல்லா ஆடிட்டான்னா கொச்சிக்காரங்க ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போயிருவாங்க. பெரிய கிளப்பு. அவங்களுக்குன்னு டாக்டர் இருக்காங்க. அவங்க பாத்துக்கிடுவாங்க."

"அங்க போய் விழட்டும்ங்கிறீக."

அவர் மாஸ்க்கை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீங்க இப்படி ஆளு இல்லையே," என்றாள்.

"எனக்குப் பயமா இருக்கு அம்சா. அவ்வளவுதான்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் சாத்தூரில் போய் என்ன செய்வது என்று அவள் மனசும் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு தன் தலைக்குள் ஓடுவதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை சமைக்கவில்லை. கம்கா போன பிறகு புடவை மாற்றிக்கொண்டு ஸ்வெட்டர் போட்டாள். "நானும் வாரேன்," என்றாள். எட்டு மாதத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்க்காதவள். ஜோதிலிங்கம் ஏன் என்று கேட்கவில்லை. மூவரும் ஆட்டோவில் போனார்கள்.

ஆரிப் ஓடிவந்து நாற்காலி போட்டு இந்தியில் சொன்னார். "ஆயியே பாபி ஜி, ஆயியே. இன்னைக்கு உங்க சாப்பாட்டோட பவரை கொச்சிக்காரங்களுக்குக் காட்டுவான்." பக்கத்தில் கொச்சியிலிருந்து வந்த இரண்டு பேர் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தின் மறுகோடி புகையில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

அம்சவேணிக்கு ஆட்டம் புரியாது. கம்காவை மட்டும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி இருந்தான் அவன். எவன் இலை காலியாக இருக்கிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பந்து வருகிறது, கொடுத்துவிடுகிறான். மறுபடி வருகிறது, இன்னொருவனுக்குக் கொடுக்கிறான். தனக்கு என்று வைத்துக்கொள்வதில்லை. கொடுத்த இடத்தில் நிற்பதும் இல்லை. கொச்சிக்காரர்களில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நோட்டில் எழுதினார்.

இருபதாவது நிமிடம் போல அவன் கை மார்புக்குப் போய் வந்தது. பனியனை இழுத்துவிடுகிறவன் மாதிரி. ஜோதிலிங்கம் வேறுபக்கம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. அம்சவேணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பந்து அவனைவிட்டுத் தூரத்தில் இருக்கும்போதெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்தாள். பந்து இல்லாத இடத்தில் விழுந்தான் என்று போன் சொன்ன குரல் காதிலேயே நின்றது. பந்து அவனிடமே இருக்கட்டும், அவனிடமே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை அவன் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். நிமிர நேரமாயிற்று. நிமிர்ந்தபோது உதடு சாம்பலாக இருந்தது.

அம்சவேணி எழுந்தாள்.

"பாபி ஜி, பைட்டியே," என்று உட்காரச் சொன்னார் ஆரிப்.

அவள் சுண்ணாம்புக் கோடு வரைக்கும் போனாள். செருப்பு நுனி கோட்டில் பட்டது.

"கங்கா."

இருபது அடி தூரத்தில் அவன் திரும்பினான். அவள் தன் நெஞ்சில் கையை வைத்துக் கேட்டாள்.

"காரமா?"

அந்த மைதானத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நான்கு பேர். இல்லை என்று ஒரு தலையாட்டலில் அவன் முடித்திருக்கலாம். ஆரிப்புக்குப் புரிந்திருக்காது, கொச்சிக்காரர்களுக்கும் புரிந்திருக்காது. அவன் நோட்டு வைத்திருந்தவர்களைப் பார்த்தான். பிறகு அவளை.

"காரம், அக்கா."

"போதும்யா," என்றாள். "போதும். வந்துரு."

போதும் என்று ஒரு தரம் சொன்னால் அவள் வீட்டில் யார் கேட்கிறார்கள்? அவன் ஓடினான். பத்தடி, பதினைந்தடி. பந்து அவன் காலுக்கு வந்தது. தலையைத் தூக்கி ஒரு முறை சுற்றிப் பார்த்து, வலதுபக்கம் ஆளில்லாமல் நின்ற சின்னப் பையனுக்குத் தள்ளினான். பையன் அதை எடுத்துக்கொண்டு ஓட, எல்லாருடைய கண்ணும் அவன் பின்னால் போயிற்று. கம்கா மட்டும் நின்றான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, ஒரு தட்டை மூடுவதுபோல் கீழ்நோக்கிக் கவிழ்த்தான். அப்படியே கோட்டை நோக்கி நடந்து வந்தான்.

கோட்டைத் தாண்டியதும் கால் மடங்கியது. பிடித்தது ஜோதிலிங்கம். எப்போது எழுந்து வந்தார் என்று அவள் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவர்மேல் சாய, அவரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஆரிப் பாய், காரை எடுங்க. ஜல்தி. இவனுக்கு ஹார்ட்ல கோளாறு இருக்கு."

பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். பச்சைத் திரை மூடியது. ஆரிப் காரை நிறுத்தப் போனார். இளவரசி அப்பாவின் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் செய்ததுபோல்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் நிமிராமல் நோயாளியின் பெயரைக் கேட்டான். "மரீஸ் கா நாம்?"

"கங்கா," என்றாள் அம்சவேணி.

"லேடீஸ்?"

இல்லை என்று அவசரமாகத் தலையாட்டினாள். எத்தனை பேர் படியில் சிரித்த பெயர் அது.

"பதா போலியே," என்றான் அந்த ஆள். முகவரி.

அம்சவேணி வீட்டுக்காரரைப் பார்த்தாள். கிளப் முகவரி என்று ஒன்று இருக்கிறது. ஆரிப் வீட்டு முகவரி இருக்கிறது. ரோட்டில் கிடந்தான், தூக்கி வந்தோம் என்றுகூடச் சொல்லலாம். ஜோதிலிங்கத்தின் நெற்றியில் வியர்வை நின்றது. பின்னால் வரிசையில் இருந்த கிழவர் ஜல்தி ஜல்தி என்றார்.

"அந்த ஃபார்மை இப்படிக் கொடுங்க," என்று ஜோதிலிங்கம் இந்தியில் கேட்டார்.

சட்டைப்பையிலிருந்து ஆபீஸ் பேனாவை எடுத்தார். செர்ஜ் கம்கா என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வயது, நாடு. அடுத்தது அந்தக் கட்டம். பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து நின்றது. பிறகு குவார்ட்டர் நம்பர், பிளாக், கிட்வாய் நகர், புது தில்லி என்று பின்கோடு வரைக்கும் எழுதினார். அடியில் தன் பெயரையும் ஆபீஸ் பெயரையும் எழுதினார். கட்டத்தைவிட்டு ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை.

"திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லிருதேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேனாவின் மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. இளவரசி குனிந்து எடுத்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். கையில் ரப்பர் உறை.

"அந்தப் பேஷன்ட்டோட ஆள் யாரு? எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேக்குறாரு. அவன் காரம் காரம்ங்கிறான்," என்று இந்தியில் எரிச்சலோடு சொன்னாள். "காரம்னா என்ன?"

அம்சவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனாள். நெஞ்சு முழுக்க வயர் ஒட்டிக் கிடந்தவன் அவள் பக்கம் கண்ணைத் திருப்பினான். டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை. அவரிடம் கையை மார்பில் வைத்துக் காட்டினாள். தெரிந்த இந்தியில், பிழை வந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மிர்ச்சி நஹீ, டாக்டர் சாப். தில்."